இரண்டு பெடல் வண்டி

கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் அது முதல் தடவை நடந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். இஞ்சின் அலறியது. வண்டியோ அந்த அலறலுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போல மெல்ல ஊர்ந்தது. இன்னும் அழுத்தினேன், சத்தம்தான் கூடியது. பின்னால் வந்த பாபநாசம் பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில் என்னை உரசுகிற மாதிரித் தாண்டிப் போகும்போது அந்த டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓட்டத் தெரியாட்டா எதுக்கும்மா ரோட்டுக்கு வாரீக? வீட்டுல கிடக்க வேண்டியதுதான?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தைகள் நாலு இருந்தன. கேட்க அவர் நிற்கவில்லை. அம்பாசமுத்திரம் முடிகிற வரைக்கும் அவற்றை நானே எனக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

எனக்கு ஓட்டத் தெரியும். என் இடது கால்தான் சொன்னபடி கேட்காது. சின்ன வயதில் வந்த போலியோ. தொடை வரைக்கும் இரும்புக் காலிப்பர் மாட்டியிருப்பேன், கையில் ஒரு தடி இருக்கும். அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் கிளட்சே இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். கியர் தானாக மாறிக்கொள்ளும். ஆக்சிலேட்டர், பிரேக், இரண்டே பெடல். வலது கால் ஒன்று போதும். என் லைசென்ஸிலும் ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும் என்றுதான் போட்டிருக்கிறது.

வீடு பேட்டையில், வேலை ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூட டீச்சர். கார் வருவதற்கு முன்னால் பஸ்ஸில்தான் போய் வந்தேன். பஸ் படி எனக்கு எட்டாது. யாராவது கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டு என் காது கேட்கவே 'பாவம்' என்பார்கள். அப்படித் தூக்கியவர்களில் யார் உதவிக்குத் தூக்கினார்கள், யார் வேறு எதற்கோ தூக்கினார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதை நான் வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள். இனி என் மேல் யார் கையும் படாது என்று முடிவுகட்டித்தான் அந்தக் காரை வாங்கினேன். அந்தக் கார்தான் பாலத்தில் இழுக்காமல் கத்தியது.

வீட்டில் அம்மா, தம்பி, தம்பி மனைவி, நான். தம்பிக்கு பைக் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் காரை எடுத்துக்கொண்டு போவான். அவன் இடது கால், இல்லாத கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதிக்கும். உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் முன்னால் போய் முட்டிக்கொள்வோம். "இதெல்லாம் ஒரு வண்டியாக்கா?" என்பான். முட்டிக்கொண்டவர்கள் யாரும் அவனைத் திட்டுவதில்லை, வண்டியைத்தான் திட்டுவார்கள்.

வண்டி இழுக்கவில்லை என்றதும் அவன்தான் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கூட்டிப் போனான். பைபாஸ் ரோட்டில் பெரிய ஒர்க்ஷாப். ஆயுத பூஜைக்கு முன்னால் வாட்டர் சர்வீஸ் செய்ததும் அங்கேதான். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அதோடு என் பங்கு முடிந்தது. நான் விவரத்தைச் சொன்னேன்: காலையில் கிளம்பும்போது ஒழுங்காகப் போகிறது, சூடேறிய பிறகுதான் வழுக்குகிறது, கியர் போட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கிறது. மெக்கானிக் தலையை ஆட்டினார், தம்பியைப் பார்த்து. நின்றுகொண்டிருந்த வண்டியின் பானெட்டைத் திறந்து, கியர் பெட்டியில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார்.

"ஆயிலு ஃபுல்லா இருக்கு தம்பி. அப்பம் பெட்டிதான் போயிட்டு."

"கழத்திப் பாக்காம எப்படிச் சொல்லுதீங்க?" என்று நான் கேட்டேன்.

"டீச்சருக்குச் சொல்லுங்க தம்பி, இந்தப் பெட்டியெல்லாம் கழத்துனா சேக்க முடியாது. நம்ம ஊருக்கு ஆட்டோமேட்டிக் ஒத்து வராது. பேசாம மேனுவல் பெட்டி போட்டுருவோம். பழைய இரும்புக் கடையில இதே மாடல்ல அடிபட்ட வண்டி ஒண்ணு கிடக்கு. பெட்டி, கிளட்சு, பெடல் செட்டு எல்லாம் அப்படியே உருவிரலாம்."

தம்பியின் முகம் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி எரிந்தது. "நல்ல யோசனை அண்ணாச்சி" என்றான்.

"கிளட்சை நான் எதை வச்சு மிதிக்க?" என்றேன்.

இரண்டு பேரும் ஒரு நிமிஷம் என் காலைப் பார்த்தார்கள், அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள் மாதிரி. பிறகு தம்பி, "எக்கா, நான் இருக்கேம்லா? நான் கொண்டு விடுதேன்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிறான், யார் இல்லை என்றது? காலையில் அவனுக்கு வேலை இருந்தால்? அவனுக்குத் தலைவலி என்றால்? மைத்துனன் வீட்டு விசேஷம் என்றால்? என் வேலை, என் சம்பளம், என் வண்டி, எல்லாம் இருந்தும் வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு அவன் குளித்துவிட்டு வருவதற்காக நான் காத்து நிற்க வேண்டும். இதை அவன் உபகாரம் என்று நினைத்துச் சொன்னான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "சாவியக் குடுங்க" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். மெக்கானிக் சாவியை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார்.

வீட்டில் அம்மா வேறு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். "கண்ணு பட்டுட்டு. ஒரு பொம்பள, அதுவும் இந்தக் காலோட, தனியா கார் ஓட்டிட்டுப் போனா ஊரு பாத்துக்கிட்டு இருக்குமா?" ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனமும் குங்குமமும் அப்பி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, உள்ளே குங்குமம் அடைத்த பூசணிக்காயைத் தம்பி போர்டிகோவிலேயே போட்டு உடைத்தான். அந்தச் சிவப்பே தரையில் ஊறிக் கிடந்தது. அது போதாது என்று இப்போது அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி சுற்றி, அந்தச் சிவப்புத் தண்ணீரை முன் டயருக்கு நடுவில் ஊற்ற ஆரம்பித்தாள். தம்பி மனைவி மறுநாள் காலையில் துடைப்பத்தைப் போட்டுத் தேய்ப்பாள். "எத்தனை தேச்சாலும் போக மாட்டேங்கி மைனி. இந்தச் சிமெண்டு அம்புட்டையும் குடிச்சு வச்சிருக்கு" என்று அலுத்துக்கொள்வாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். சேரன்மகாதேவி வரைக்கும் பிழைப்பு ஓடும். வீரவநல்லூரில் முனக ஆரம்பிக்கும். பாலம் வந்தால் பின்னால் பஸ் வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஏறுவேன். பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி, "பக்கத்துலயே வீடு பாத்து வந்துருங்களேன்" என்றாள். இன்னொருத்தி, "புதுசா ஒண்ணு வாங்குங்க" என்றாள், கத்தரிக்காய் வாங்கச் சொல்வதுபோல. தலைமையாசிரியர் அன்போடு, "விருப்ப ஓய்வு பத்தி யோசிச்சீங்களா டீச்சர்?" என்றார். ஒரு கியர் பெட்டி ரிப்பேர் ஆனதற்கு ஒரு மனுஷியையே ஓய்வுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அவர் காரில் ஏதாவது கெட்டால் அவரை யாரும் வீட்டில் உட்காரச் சொல்வதில்லை.

ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து போர்டிகோவில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். சுவரோரமாக ஒரு சாக்கு கிடந்தது. வாய் திறந்திருந்தது. உள்ளே இரும்புச் சட்டத்தோடு பெடல் செட், மூன்று பெடல். தம்பி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் வாங்கி வந்து போட்டிருக்கிறான். அதைத் தடியால் தள்ள வேண்டும் என்று காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்தேன். தடியின் ரப்பர் முனை சர்ரென்று வழுக்கியது. தடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தரையில் விழுந்தேன்.

தம்பி மனைவி ஓடி வந்தாள். "தூக்காத" என்று கத்தினேன். பாவம், அவள் பயந்து நின்றுவிட்டாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்தேன். சிவப்பு. ரத்தம் இல்லை. விரலை விரலோடு தேய்த்தால் வழவழவென்று இருந்தது. அம்மா அப்போது ஊரில் இல்லை. தூத்துக்குடியில் தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவள் தங்கிவிட்டாள். ஆரத்தி கரைத்து நாளாயிற்று. தரை மட்டும் புதுச் சிவப்பாக மினுங்கியது.

"ஏட்டி, ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டா" என்றேன்.

சிவப்பை வழித்துத் தண்ணீரில் விட்டேன். கரையவில்லை. மேலே பொட்டுப் பொட்டாக மிதந்தது. ஆரத்தித் தண்ணீர் மிதக்குமா? தம்பி மனைவி குனிந்து முகர்ந்து பார்த்தாள். அவள் வீட்டில் பிளவுஸ் தைப்பவள். "தையல் மிஷின் எண்ணெ மாதிரில்லா இருக்கு மைனி" என்றாள்.

ஆட்டோமேட்டிக் பெட்டியில் ஊற்றுகிற எண்ணெய் சிவப்பு. அது எனக்குத் தெரியும். இத்தனை நாளாக அது சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கிறது, நாங்கள் அதைக் குங்குமம் என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறோம். கழுவிய தரையில் மறுபடியும் சிவப்பு கரைத்து ஊற்றியிருக்கிறோம். காரைக் காப்பாற்ற அம்மா செய்த பூஜையே கார் காட்டிய அடையாளத்தை மறைத்துவிட்டது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் வந்தது.

நானே தடியை ஊன்றி, பம்பரைப் பிடித்து எழுந்தேன். பானெட்டைத் திறந்தோம். ஆயில் கம்பிகள் இரண்டு. ஒன்று இஞ்சினுக்கு, இன்னொன்று கியர் பெட்டிக்கு. பெட்டிக் கம்பியின் தகட்டிலேயே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது: சூடாக இருக்கும்போது, இஞ்சின் ஓடும்போது பார்க்கவும். வண்டி இப்போதுதான் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்து சூடாகத்தான் இருந்தது. முதலில் இஞ்சின் நிற்கும்போதே கம்பியை விட்டு எடுக்கச் சொன்னேன். மேல் கோடு வரைக்கும் எண்ணெய். அந்த மெக்கானிக் பார்த்த அதே ஃபுல். பிறகு நான் உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு இஞ்சினைப் போட்டேன். தம்பி மனைவி கம்பியை எடுத்து எனக்குக் காட்டினாள். நுனியில் மட்டும் ஒரு துளி சிவப்பு.

இஞ்சின் ஓடினால் பெட்டி எண்ணெயை மேலே உறிஞ்சிக்கொள்ளும். நிறுத்தினால் அத்தனையும் கீழே இறங்கி, நிறைந்து கிடப்பதுபோலக் காட்டும். அவ்வளவுதான் விஷயம். எண்ணெய் நல்ல சிவப்பாக இருந்தது, கருகின வாடையும் இல்லை. பெட்டி சாகவில்லை. பட்டினி கிடந்திருக்கிறது. அதைப் பிணம் என்று சொல்லி எடுத்துப் போட ஆள் ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

தம்பி வந்ததும் சொன்னேன். அவன் நம்பவில்லை.

"எக்கா, நீ மெக்கானிக்கா? அந்த அண்ணாச்சி எம்புட்டு வருசமா வண்டி பாக்காரு!"

"எம்புட்டு வருசமும் நிறுத்தி வச்சேதான் பாத்திருப்பாரு."

"சாமான் வாங்கியாச்சு."

"அதை நீ உன் பைக்குல மாட்டி மிதிச்சுக்கோ."

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "நான் உன் நல்லதுக்குத்தான சொன்னேன்? வீட்டுக்கு இருக்கது ஒரு கார். எல்லாரும் ஓட்டுத மாதிரி இருக்கட்டும்னு நினைச்சது தப்பா?" என்றான்.

"எல்லாரும்னா அதுல நான் கிடையாதாலே?"

தம்பி மனைவி உள்ளே போய் அடுப்பில் இல்லாத பாலை இறக்கினாள்.

விடுமுறை நாளாகப் பார்த்து, பெட்டிக்கான சிவப்பு எண்ணெயை டின்னில் வாங்கி, இட்லிக்கடையில் பார்சல் சாம்பார் ஊற்றுகிற மாதிரி, ஒரு புனலை வைத்துக் கம்பி செருகுகிற குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஓடவிட்டு அளந்து, பேட்டை தொழிற்பேட்டைக்கு ஓட்டிப் போனேன். அங்கே டிராக்டருக்கும் மண் அள்ளுகிற இயந்திரத்துக்கும் ஆயில் ஹோஸ் போட்டுக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. தம்பி கூப்பிடாமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நான் ஏறாதே என்று சொல்லவில்லை.

பட்டறைக்காரர் எடுத்த எடுப்பில் சொன்னார். "இந்தப் பெட்டி எனக்குத் தெரியாதும்மா. ஹோஸ் எங்கன ஒழுகுதுன்னு சொல்லுங்க, மாத்தித் தாரேன்."

எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தால்தானே சொல்ல? வண்டியை மேலே ஏற்றினால் அடிப்பாகம் முழுக்க ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. வாட்டர் சர்வீஸ் செய்தால் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில் அடித்து அனுப்புவது நம் ஊர்ப் பழக்கம். கேட்காமலே அடிப்பார்கள். பூஜைக்கு முந்தி அதையும் சிறப்பாகவே செய்திருந்தார்கள். மேலே அம்மாவின் குங்குமம், கீழே மெக்கானிக்கின் கழிவு ஆயில். ஓட்டையைத் தேடுகிறவன் எங்கே என்று தேடுவான்?

"மண்ணெண்ணெ போட்டுச் சுத்தமாக் கழுவுங்க. திரும்ப டீசல் அடிக்காதீங்க" என்றேன்.

"அடிக்காட்டா துரு ஏறும்மா."

"ஏறட்டும்."

கழுவித் துடைத்து, அடியில் அட்டையை விரித்து, இஞ்சினை ஓடவிட்டோம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. பெட்டி எண்ணெயைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டு போகும் ரப்பர் ஹோஸ். கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில் ரப்பர் ஊதி, வெடித்து, நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு. இதற்குத்தான் என் காரை அறுத்து வேறு காராக்கப் பார்த்தார்கள். இதற்குத்தான் விருப்ப ஓய்வு. அந்தச் சாண் ரப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தம்பி கையில் அதை வைத்தேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

புது ஹோஸ் இரண்டு பக்கமும் போட்டார். பெட்டியின் அடித் தட்டைக் கழற்றி வடிகட்டியைக் கழுவி மாட்டினார். நான் சொல்லச் சொல்ல எண்ணெய் ஊற்றினார். இஞ்சினை ஓடவிட்டே அளந்தோம். எல்லாம் முடிந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் சாவியைத் தம்பியிடம் நீட்டினார். "ஓட்டிப் பாருங்க சார்."

தம்பியின் கை பாதி வரைக்கும் போனது. பிறகு அதைச் சட்டைப் பைக்குள் விட்டு, இல்லாத எதையோ தேடினான். "வண்டி அக்காவுது" என்றான்.

கல்லிடைக்குறிச்சிப் பாலம் வரைக்கும் ஓட்டிப் போனேன். ஆற்றில் வெள்ளம் செம்மண் நிறத்தில் நுங்கும் நுரையுமாகப் போனது. வழியெல்லாம் தம்பியின் இடது கால், வேகம் குறைக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. பாலத்தில் ஏறினேன். பெட்டி சிணுங்காமல் கியரை மாற்றிக்கொண்டது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. "வழி விட்ருவமாக்கா?" என்றான் தம்பி. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மெக்கானிக்கிடம் போய், "நீங்க சொன்னதக் கேக்காமப் போயிட்டோம், தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மனஸ்தாபம் வரக் கூடாதாம். என் மனசைப் பற்றி யாருக்கும் அந்தப் பயம் வரவில்லை. அந்த மூன்று பெடலும் சாக்கோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டன. இப்போதும் அவற்றை நினைத்தால் எனக்குக் காது சூடாகிவிடுகிறது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அம்மா தட்டில் சந்தனம், மஞ்சள், குங்குமம் எல்லாம் எடுத்து வைத்தாள். நான் குங்குமக் கிண்ணத்தை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

"குங்குமம் இல்லாம என்னட்டி பூசை?" என்றாள் அம்மா.

"சந்தனம் போதும். பூசணிக்காய தெருவுல போய் உடைக்கட்டும். இந்தத் தரையில சிவப்பா ஒரு சொட்டு விழுந்தாலும் அது என்னன்னு எனக்கு அன்னைக்கே தெரியணும்."

அம்மா முணுமுணுத்தாள். தம்பி சந்தனத்தைக் குழைத்தான். பானெட்டுக்கு வைத்தான், டயர்களுக்கு வைத்தான், ஸ்டியரிங்குக்கு வைத்தான். அப்புறம் கதவைத் திறந்து, குனிந்து, பெடல்களுக்கும் வைத்தான். மிச்சச் சந்தனத்தோடு அவன் விரல் இடது பக்கம் இன்னொரு பெடலைத் தேடிப் போனது.

"எண்ணிக்கோலே" என்றேன். "ரெண்டுதான்."